கிழக்கே ரோடா, வாய்க்காலா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா ஒரு மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்தார். ஏதோ ஜவுளிக்கடைப் பை. கடையின் பெயர் பாதி அழிந்துவிட்டது. உள்ளே பத்திரம், தாய்ப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வீட்டு வரி ரசீதுகள், ஈ.பி. கார்டு, எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஒரு வரைபடம்.

"நீ பி.காம் படிச்சவன். இதுல எது நிஜம்னு பாத்துச் சொல்லு."

பி.காமுக்கும் நிலப் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்ப்பதிலிருந்து காஸ் சிலிண்டர் புக் பண்ணுவது வரை சகலத்துக்கும் அந்த பி.காம்தான் தகுதி.

விஷயம் இதுதான். 1994-ல் முடிச்சூர் பக்கம் பி.எஃப். லோன் போட்டு ஒரு கிரவுண்டு வாங்கினார். 1998-ல் வீடு கட்டினார். இப்போது கோயம்புத்தூரில் இருக்கும் மகளோடு போய் இருந்துவிடலாம் என்று சித்தியும் அவரும் முடிவு செய்து, வீட்டை விற்கப் பார்க்கிறார்கள். ஆளும் வந்தாகிவிட்டது. மகிந்திரா சிட்டியில் வேலை பார்க்கும் இளம் தம்பதி, கைக்குழந்தை. விலை படிந்துவிட்டது. அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் காகிதங்களை ஒருமுறை அடுக்கிப் பார்த்தபோதுதான் சித்தப்பாவுக்குத் தூக்கம் போனது.

பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும் இடத்தில் 'கிழக்கே 20 அடி ரோடு' என்று இருக்கிறது. விஸ்தீரணம் 2400 சதுர அடி. சர்வே துறையின் புலப்படத்தில் அதே கிழக்கில் இரட்டைக் கோடு போட்டு ஒரு வாய்க்கால் ஓடுகிறது. பட்டாவில் பரப்பு 2.02 ஏர்ஸ். கால்குலேட்டரில் தட்டினால் 2174 சதுர அடி வருகிறது. 226 அடியைக் காணோம். அறுபதடி நீளக் கிழக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட நாலடி அகலத்துக்கு ஒரு துண்டு. அந்தத் துண்டில்தான் காம்பவுண்டு சுவரும் துணி துவைக்கும் கல்லும் இருக்கின்றன.

இரண்டுமே அரசாங்கக் காகிதம். இரண்டிலும் சிங்க முத்திரையோ கோபுர முத்திரையோ ஏதோ ஒன்று இருக்கிறது.

கூடவே வந்திருந்த புரோக்கர் ரொம்ப அனுபவஸ்தர். "சார், பேங்க் லீகல்ல பத்திரம், ஈ.சி., பட்டாவுல பேரு, இதைத்தான் பாப்பாங்க. அந்தப் படத்தை நீங்களா எதுக்கு எடுத்து நீட்டறீங்க? ரெண்டும் கவர்மென்ட் பேப்பர். அதுல ஒண்ணைக் காட்டறீங்க. இதுல பொய் எங்க சார் இருக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், "அவர் சொல்றதும் சரிதானே" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அந்த வாக்கியம் அன்று ராத்திரி முழுக்க என்னைப் படுத்தியது. இந்த வாரக் கட்டுரையே அதனால்தான்.

தர்க்கம் படிக்கிறவர்களுக்கு ஒரு பழைய பயம் உண்டு. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் உண்மை என்று ஒப்புக்கொண்டால், அதிலிருந்து உலகத்தில் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம் என்பதுதான் அது. வேடிக்கையாக இருக்கிறதா? செய்து காட்டுகிறேன்.

'கிழக்கே ரோடு' என்கிறது பத்திரம். சரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 'கிழக்கே ரோடு, அல்லது தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் என் சித்தப்பாவுக்குச் சொந்தம்' என்ற வாக்கியமும் சரிதான். 'அல்லது' போட்ட வாக்கியத்தில் ஒரு பாதி உண்மையாக இருந்தாலே போதும் அல்லவா? இப்போது புலப்படத்தை எடுங்கள். அது 'கிழக்கே ரோடு இல்லை' என்கிறது. அதையும் சரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் ஒன்று நிச்சயம் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம். முதல் பாதி இல்லை என்று ஆகிவிட்டது. மிச்சம் என்ன? 1931-லிருந்து மின்சார ரயில் வந்து போகிற தாம்பரம் ஸ்டேஷன், பிளாட்பாரம் டிக்கெட் வருமானம் உட்பட, என் சித்தப்பாவுடையது!

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஒவ்வொரு படியும் பள்ளிக்கூடத் தர்க்கம்தான். பெர்ட்ரண்ட் ரசலிடம் ஒருவர், 'இரண்டும் இரண்டும் ஐந்து என்று வைத்துக்கொண்டு நீங்கள்தான் போப்பாண்டவர் என்று நிரூபியுங்கள் பார்க்கலாம்' என்று சவால் விட்டதாகவும், அவர் நாலு வரியில் நிரூபித்துவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதை நிஜமோ பொய்யோ, கணக்கு நிஜம்.

இந்தப் பயத்தினால்தான், ஒரு முரண் கண்ணில் பட்டால் முதலில் அதைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்று தர்க்கக்காரர்கள் ரொம்ப காலம் பிடிவாதமாக இருந்தார்கள். நமக்கு அந்த வசதி ஏது? தீர்த்துவிட்டுத்தான் குடியிருப்பேன் என்றால் தாம்பரத்துக்குத் தெற்கே பாதிப் பேர் பிளாட்பாரத்தில்தான் படுக்க வேண்டும்.

இந்த முரண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கொஞ்சம் பாருங்கள். நிலம் ஒன்றுதான். அதைப் பற்றிக் கணக்கு எழுதுகிற கைகள் வேறு வேறு. பதிவுத் துறை ஒரு கணக்கு, வருவாய்த் துறை ஒரு கணக்கு, சர்வே துறை ஒரு படம். 1979-லிருந்து 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடந்தது. யு.டி.ஆர். என்றால் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். பழைய பதிவேடுகளைப் புதுப்பித்து, ஏக்கர் செண்டை ஹெக்டேர் ஏர்ஸ் ஆக்கிய பெரிய வேலை. அதன் நடுவிலேதான், 1980 நவம்பரில், பரம்பரையாக ஊர்க் கணக்கு எழுதிவந்த கர்ணங்களின் பதவி ஒழிக்கப்பட்டது. ஒழித்தது சரிதான், அவர்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. ஆனால் எந்த வரப்பு எந்த வருஷம் நகர்ந்தது என்பது பல ஊர்களில் அவர்கள் மண்டையில் மட்டும்தான் இருந்தது. 'யு.டி.ஆர். தவறு' என்ற வார்த்தையைச் சொன்னால் இன்றைக்கும் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் ஏன், எதற்கு என்று கேட்காமல் பேனாவைத் திறப்பார்.

பட்டா என்பது உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. சரி, பதிவு செய்த பத்திரமாவது உரிமைக்கு உத்தரவாதமா? அதுவும் இல்லை. விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் வேலையை 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குக் கொடுக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. அப்படி ஆராய்வதற்காகத் தமிழ்நாடு வைத்திருந்த 55ஏ விதியின் ஒரு பகுதி செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. அதாவது பதிவுத் துறையின் கணக்கு 'இது உண்மை' என்று சொல்வதில்லை. 'இன்னார் இன்னாருக்கு இப்படி எழுதிக் கொடுத்தார்' என்று மட்டும் சொல்கிறது. ஒரே மனையை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தால் வில்லங்கச் சான்றிதழில் இரண்டுமே வரிசையாக, அடக்க ஒடுக்கமாக வந்து நிற்கும். கம்ப்யூட்டர் வெடித்துவிடாது. தாம்பரம் ஸ்டேஷனும் கைமாறாது.

இதை யோசித்து எழுதிய தர்க்கக்காரர்கள் இருக்கிறார்கள். 1963-ல் பிரேசில் நாட்டுக் கணித அறிஞர் நியூட்டன் டா கோஸ்டா, முரண் வந்தாலும் நொறுங்காத தர்க்கங்களைக் கட்டிக் காட்டினார். 1977-ல் அமெரிக்காவின் நியூயல் பெல்னாப், கம்ப்யூட்டர் எப்படி யோசிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். பலரிடமிருந்து தகவல் வாங்கிச் சேர்த்துவைக்கும் இயந்திரம் ஒவ்வொரு தகவலையும் 'உண்மை', 'பொய்' என்று முத்திரை குத்தக் கூடாது. 'ஆம் என்று சொன்னார்கள்', 'இல்லை என்று சொன்னார்கள்', 'இரண்டும் சொன்னார்கள்', 'ஒன்றும் சொல்லவில்லை' என்று நாலு டப்பா வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் யோசனை. மூன்றாவது டப்பாவில் விழுந்த தகவலை வைத்துச் சம்பந்தமில்லாத விஷயத்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. சித்தப்பாவின் கிழக்கெல்லை மூன்றாவது டப்பா. பேங்க் பாரத்தில் இருப்பதோ இரண்டே கட்டம்.

இது படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, பழைய ஞாபகம்தான் வந்தது. காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். வருஷக் கடைசியில் டிரையல் பாலன்ஸ் போட்டால் பற்றும் வரவும் ஒத்துப்போகாது. 1,340 ரூபாய் இடிக்கும். ராத்திரி பதினோரு மணி வரை தேடியும் கிடைக்காது. அதற்காக கம்பெனியை இழுத்து மூடுவார்களா? அந்த 1,340-ஐ சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒரு தனிக் கணக்கில் போட்டுவிட்டு மேலே போவார்கள். சம்பளம் பட்டுவாடா நடக்கும். முரண் ஒரு மூலையில் கட்டிப்போட்ட நாய் மாதிரி குரைத்துக்கொண்டிருக்கும், ஆனால் யாரையும் கடிக்காது.

பாஸ் புக்கும் கேஷ் புக்கும் ஒத்துப்போகாதபோது ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் போடுவோமே, அது இன்னும் நல்ல உதாரணம். இரண்டில் ஒன்று பொய் என்று அங்கே ஆரம்பிப்பதே இல்லை. கொடுத்த செக் இன்னும் பேங்குக்குப் போகவில்லை என்று இருக்கும். தேதியைச் சேர்த்தவுடன் பாதி முரண் தானாகக் கரைந்துவிடும். சித்தப்பாவின் பையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. அதே ஊர் 1994 பத்திரத்தில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், அப்புறம் வந்த காகிதங்களில் காஞ்சிபுரம் மாவட்டம், சமீபத்திய ரசீதில் செங்கல்பட்டு மாவட்டம். ஊர் நகரவில்லை. 1997-லும் 2019-லும் மாவட்டங்களைப் பிரித்தார்கள், அவ்வளவுதான்.

கிழக்கெல்லைகூட அப்படித்தானோ என்னவோ. ஒரு காலத்தில் வாய்க்கால் ஓடியிருக்கும். மனை போட்டவர் அதைத் தூர்த்து, ரோடு என்று பிளானில் கோடு இழுத்திருப்பார். காருக்கு அது ரோடு. தண்ணீருக்கு அது இன்னமும் வாய்க்கால்தான். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஆதனூர்ப் பக்கம் தொடங்கும் அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம் ஓரமாகத்தான் சென்னைக்குள் வருகிறது. அன்று தண்ணீர் சித்தப்பா வீட்டுக்குள் வந்தது கிழக்குப் பக்கமாக. அது பத்திரத்தைப் படிக்கவில்லை, புலப்படத்தைத்தான் படித்திருந்தது.

முடிச்சூர் ரோட்டில் அப்படியே நேராகப் போனால் படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் தாண்டிக் காஞ்சிபுரம் வந்துவிடும். அந்தக் காஞ்சியில்தான், சீத்தலைச் சாத்தனார் சொல்கிறபடி, மணிமேகலை அறவண அடிகளிடம் தர்க்கம் படித்தாள். காப்பியத்தின் 29-ஆவது காதை பெரும்பாலும் தர்க்கப் பாடம்தான். நமது பள்ளிக்கூடங்களில் அமுதசுரபியோடு நிறுத்திக்கொள்வதால் இது பலருக்குத் தெரிவதில்லை. எந்தெந்தக் காரணங்கள் செல்லாது என்று அதில் ஒரு பட்டியல் வருகிறது. சமஸ்கிருதத்தில் இருக்கும் நியாயப் பிரவேசம் என்ற பௌத்தத் தர்க்க நூலோடு அது ஒட்டிப்போவதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஒன்றுக்குப் பெயர் விருத்த வியபிசாரி.

என்ன அது? ஒருவர் சொல்கிறார்: சத்தம் அழியக்கூடியது, ஏனென்றால் அது செய்யப்படுகிறது, பானையைப் போல. இன்னொருவர் சொல்கிறார்: சத்தம் அழியாதது, ஏனென்றால் அது கேட்கப்படுகிறது, சத்தத்தன்மையைப் போல. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, உதாரணம் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் கோர்வையாகத்தான் இருக்கும். அடிகளின் பாடப்படி இரண்டுமே முடிவு தராத காரணம். சந்தேகத்தில் கொண்டுபோய் விடுமே தவிர, எதையும் நிலைநாட்டாது. எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்ற இடத்துக்கே அந்தத் தர்க்கம் போகவில்லை. சமபலமாக எதிரெதிர்ச் சாட்சி நின்றால், ஒன்றைக் காட்டி ஜெயித்துவிட்டேன் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

புரோக்கருக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அவர் காட்டச் சொன்ன காகிதம் பொய் இல்லை. ஆனால் எதிர்க்காகிதம் கையில் இருக்கிறது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து, முதல் காகிதத்துக்குத் தனியாக நின்று நிரூபிக்கிற சக்தி போய்விட்டது. போய்விட்ட சக்தி இன்னும் இருப்பதாகக் காட்டுகிறோம் பாருங்கள், அங்கே இருக்கிறது பொய்.

எங்களுக்கு அக்கவுன்டன்ஸி எடுத்த வாத்தியார் ஒருவர் சொல்வார்: "டேலி ஆகாத டிரையல் பாலன்ஸைக் கொண்டு வா, அஞ்சு மார்க் குறைப்பேன். டேலி ஆக வெச்ச டிரையல் பாலன்ஸைக் கொண்டு வந்தே, கிளாஸுக்கே வராதே." சஸ்பென்ஸ் அக்கவுன்டின் அழகே அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நிற்பதுதான். இடிக்கிற பணத்தை ஏதோ ஒரு செலவில் சொருகி மறைத்துவிட்டால் அதற்குப் பெயர் சஸ்பென்ஸ் இல்லை.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டதற்கும் நியாயம் இருந்தது. "எனக்கு யாராவது சொன்னாங்களா? ரோடுன்னு எழுதி, முத்திரைத்தாள் காசு வாங்கி, பதிஞ்சு குடுத்தாங்க. வீட்டு வரி வாங்கினாங்க. கரண்டு குடுத்தாங்க. அப்பல்லாம் ரோடு. நான் விக்கறப்ப மட்டும் வாய்க்காலா?"

இதற்கு என்ன சொல்வது? தென்சென்னைப் புறநகரில் இது அவர் ஒருவருடைய கேள்வி இல்லை. முரணான இரண்டு கணக்கு வைத்திருப்பவர் பலசாலியாக இருந்தால், தர்க்கக்காரர்கள் பயந்தது நிஜமாகவே நடக்கும். எந்த முடிவு வேண்டுமோ அதற்கேற்ற காகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கரணையைப் பாருங்கள். நம் பழைய வார்த்தை கழுவெளி. கணக்கில் ரொம்ப நாள் வரைக்கும் பிரயோஜனமில்லாத நிலம். பெருங்குடியில் ஊர்க் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2007-ல் அதில் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2022-ல் 1,247 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சர்வதேசச் சிறப்புள்ள சதுப்பு நிலமாகச் சேர்ந்தது. குப்பை கொட்டும்போது தரிசு, விருது வாங்கும்போது சதுப்பு. அதே 2007-ல்தான் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநிலத்தில் தனிச் சட்டமும் வந்தது. ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒரு கையால் ரசீது கொடுத்துவிட்டு, மறு கையால் நோட்டீஸ் கொடுக்கிற இடத்தில், இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் எப்போதும் பி.எஃப். லோன் போட்ட ஆளாகவே இருக்கிறார். முரண் யார் செய்ததோ, அதன் செலவு அவர் தலையில்.

அந்தச் செலவைத்தான் சித்தப்பா இப்போது அந்தக் கைக்குழந்தைக்காரர்கள் தலையில் இறக்கி வைக்கப் போகிறாரா? அவருக்குச் செய்யப்பட்டதை அவர் திருப்பிச் செய்யலாமா? நான் வாயைத் திறந்து கேட்கவில்லை. மறைக்காமல் சொன்னால் எட்டு லட்சமாவது குறையும் என்று புரோக்கர் கணக்குப் போட்டுவிட்டார். என் பணம் இல்லை அது. அடுத்தவர் எட்டு லட்சத்தை வைத்துத் தர்மம் பேசுவது ரொம்பச் சுலபம்.

சித்திதான் பேசினார். டம்ளரை எடுத்துக்கொண்டே, ஏதோ மளிகை சாமான் விஷயம் மாதிரி. "அன்னிக்கு ராத்திரி எதிர்வீட்டு மாடில நின்னப்போ பக்கத்துல ஒரு பொண்ணு மூணு மாசக் குழந்தையோட இருந்தா. பால் பவுடர் டப்பா கீழ வீட்டுல. விடிஞ்சு போட் வர்ற வரைக்கும் அது அழுதுது. உங்களுக்கு ஞாபகமில்லையா?"

சித்தப்பா மஞ்சள் பையை மடித்து எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அந்தத் தம்பதி வந்தபோது நானும் இருந்தேன். பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றையும் மேஜைமேல் வைத்தார். நான் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன்: எந்தக் காகிதம் சரி என்று முடிவானாலும் 2174 அடிக்குச் சண்டை இல்லை, அதை வைத்து விலை பேசுங்கள், மிச்சம் 226 அடியைத் தனியாக எழுதி வைத்துக்கொள்வோம், அளந்து வந்த பிறகு பார்க்கலாம். அந்தப் பையன் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்தான். புரோக்கர் வாசலில் நின்று வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தப் பெண் சதுர அடி பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஆன்ட்டி, எவ்வளவு உயரத்துக்கு வந்தது?" என்றாள். சித்தி அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனார். முன்னறைக்கெல்லாம் இரண்டு தடவை பெயின்ட் அடித்தாயிற்று. கிணற்றடிச் சுவரில் மட்டும் அடிக்கவில்லை. பழுப்பாக ஒரு கோடு, என் தோளுக்குக் கொஞ்சம் கீழே. அவள் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆடி முடியட்டும் அங்கிள், சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நிலத்தை அளக்கச் சொல்லி மனு கொடுத்து, பணமும் கட்டியாகிவிட்டது. சர்வேயர் வருகிற தேதி இன்னும் தெரியவில்லை.